ஊசி போட்டாயிற்று, சாப்பிடவில்லை

போன வாரம், மாமனாரின் மேல் தண்ணீர்ச் சொம்பை மருமகள் விட்டெறிந்த இடத்தில் நிறுத்தியிருந்தேன். "வயித்துப் பிள்ளைக்காரிக்கு அவ்வளவு திமிரா?" என்று கொதித்து எழுதிய வாசகிகள் உண்டு. அது திமிரா இல்லையா என்பது இன்றைக்குத் தெரிந்துவிடும். தெரிவதற்குள் அந்த வீடு ரத்தம் பார்த்துவிடும்.

புதிதாகப் படிக்க வருபவர்களுக்காகக் கொஞ்சம்.

முன்பக்கம் மோட்டார் வைண்டிங் கடை, பின்பக்கம் வீடு. எரிந்துபோன மோட்டார்கள் கருகிய வாசனையோடு உள்ளே வரும். செம்புக் கம்பியைச் சுற்றிப் புதுக் காயில் கட்டி, வார்னிஷில் முக்கி, ஓடவிட்டுப் பார்த்து வெளியே அனுப்புவார்கள். கடையை ஆரம்பித்தவர் மாமனார். இப்போது வேலையெல்லாம் சின்ன மகனும் அவன் மனைவியும்தான். கல்யாணமாகி வந்த சில மாதத்திலேயே காயில் கட்டக் கற்றுக்கொண்டவள் அவள். அவள் கட்டிய மோட்டார் திரும்பி வந்ததில்லை.

வீட்டில் அவளுக்கு 'ஊசி' என்று பெயர். மூத்த மகன் பெரியவன் வைத்த பெயர். கர்ப்பமானதிலிருந்து வேளைக்கு ஒரு தரம் அவள் புடவையை விலக்கி இன்சுலின் போட்டுக்கொள்வதை அவனால் பார்க்கச் சகிக்கவில்லை.

பெரியவன் கிரேன் ஓட்டுபவன். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவன். அவளுடைய முதல் பிள்ளை எட்டாம் மாதத்தில் வயிற்றுக்குள்ளேயே இறந்தபோது, அந்தச் சின்ன உடலைத் துணியில் சுற்றித் தூக்கிப் போனவன் அவன்தான். குழி வெட்டியதும் அவன். "ஊசி போட்டுப் போட்டே கொன்னுட்டாங்க" என்று அன்றைக்குச் சொன்னதை அவன் இன்றுவரை மாற்றவில்லை.

அவன் அப்படி நினைத்ததற்குக் காரணம் ஒரு பொய்.

கர்ப்பத்தில் வந்த சர்க்கரை, பிரசவமானால் போய்விடும் என்றுதான் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவளுக்குப் பதினோரு வயதிலிருந்தே சர்க்கரை. இன்சுலின் இல்லாமல் ஒரு நாள்கூட ஓடாது. பெண் பார்க்க வந்த அன்றே சின்ன மகனிடம் மறைக்காமல் சொன்னாள். "எனக்குத் தெரிஞ்சா போதும். வீட்ல சொன்னா இது நடக்கவே நடக்காது" என்றான் அவன். அதிலிருந்து குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, மொட்டை மாடியில் துணி உலர்த்தப் போகிற சாக்கில், திருடி மாதிரி ஊசி போட்டுக்கொண்டு வாழ்ந்தாள். கர்ப்பம் வந்த பிறகுதான் பட்டப்பகலில் போட முடிந்தது.

இப்போது இரண்டாவது. மாதம் நெருங்கிவிட்டது. குழந்தை அளவுக்கு மீறிப் பெரிதாக இருக்கிறது, இன்று மாலை வந்து சேர்ந்துவிடு, நாளைக் காலையில் அறுவை செய்து எடுத்துவிடலாம் என்று லேடி டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்த நாளின் காலை இது.

*

கணவன் விடிந்ததும் ஒரு மில்லுக்குக் கிளம்பிப் போனான். பெரிய மோட்டார், இங்கே தூக்கி வர முடியாது. "மத்தியானத்துக்குள்ள வந்துடுவேன். சாப்பிட்டியான்னு போன் பண்ணிக் கேப்பேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மருமகளுக்கு ராத்திரியிலிருந்தே இடுப்பில் விட்டு விட்டு வலி. பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்த வலி என்று நினைத்துக்கொண்டாள். விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்தாள். இன்சுலின் போட்டாள். ரொட்டியும் முட்டையும் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் துண்டைப் பிய்த்தபோது பெரியவன் இரவு ஷிப்ட் முடிந்து உள்ளே வந்தான்.

"குத்திக்கிட்டியா?"

"போட்டாச்சு, பெரியத்தான்."

"சாயங்காலம் ஆஸ்பத்திரியாமே?"

"ஆமா. நாளைக்கு எடுத்துடலாம்னு..."

"எந்த ஆஸ்பத்திரி? போன தடவை பொணமா என் கைல குடுத்தாங்களே, அதுவா?"

அவள் ரொட்டித் துண்டை வாய்க்குக் கொண்டு போனாள். அவன் புறங்கையால் தட்டைத் தட்டிவிட்டான். தட்டு சுவரில் மோதி முற்றத்தில் போய் விழுந்தது. முட்டை சுவரில் வழிந்தது.

"பெரியத்தான், ஊசி போட்டுட்டேன், நான் சாப்பிட்டே ஆகணும்..."

"இனிமே இந்த வீட்ல ஊசி கிடையாது!"

ஃபிரிட்ஜைத் திறந்தான். இன்சுலின் பெட்டியை வெளியே எடுத்துத் தரையில் கவிழ்த்தான். அத்தனை குப்பிகளையும் ஷூ காலால் மிதித்தான். நறநறவென்று கண்ணாடி அரைபட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவின் மருந்து வாடை சமையலறை முழுக்க எழுந்தது.

"வேற எங்கடி ஒளிச்சு வச்சிருக்க?"

அலமாரியில் கை வைத்தான். டப்பாக்கள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. மாவு, பருப்பு, சர்க்கரை. கண்ணாடி ஜாடி ஒன்று அவள் காலடியில் வெடித்தது. அவள் இரண்டு கையாலும் வயிற்றை மூடிக்கொண்டு கடைப் பக்கம் ஓடினாள்.

இவன் அடங்கட்டும், தூங்கப் போகட்டும், அப்புறம் ஏதாவது எடுத்துச் சாப்பிட்டுக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு. கடை மேஜை டிராயரில் எப்போதும் நாலு மிட்டாய் வைத்திருப்பாள். திறந்து பார்த்தாள். காலிக் காகிதங்கள்தான் இருந்தன. நேற்றே தின்று தீர்த்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

சரி, வேலையைப் பார்ப்போம் என்று பாதி கட்டிய காயிலின் முன்னால் உட்கார்ந்தாள். கை நடுங்கியது. பயத்தில் நடுங்குகிறது என்று நினைத்தாள். சுற்றுகளை எண்ணிக்கொண்டே வந்தவளுக்கு எண்ணிக்கை நழுவியது. மறுபடி ஆரம்பித்தாள். மறுபடி நழுவியது. ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தெருமுனைக் கடைக்குப் போகவேண்டும் என்று எழுந்து நின்றாள். எழுந்தது தெரிந்தது. எதற்காக எழுந்தோம் என்பது தெரியவில்லை.

இடுப்பு வலி வந்து, இறுக்கி, விட்டது. அந்த வலியும் அவள் ரத்தத்தில் மிச்சமிருந்த சர்க்கரையைத்தான் தின்றுகொண்டிருந்தது.

*

மாமனார் கடைக்குள் வந்தபோது மருமகள் கட்டி முடித்துவைத்த மோட்டார் ஒன்றைக் குறடால் பிய்த்துக்கொண்டிருந்தாள். செம்புக் கம்பிகள் கொத்துக் கொத்தாய்த் தரையில் கிடந்தன.

"ஏம்மா! என்னம்மா பண்ற? நாளைக்கு டெலிவரிம்மா அது!"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஆளைத் தெரியாத பார்வை. முகம் முழுக்க வேர்வை.

"போடா" என்றாள் மாமனாரைப் பார்த்து.

கிழவர் வெலவெலத்துப் போனார். "டேய் பெரியவனே! இங்க வா!"

பெரியவன் வந்தான். அவள் கையிலிருந்த குறடைப் பிடுங்கினான். பிடுங்கின வேகத்தில் அவள் பெஞ்சில் கிடந்த மரச்சுத்தியை எடுத்து வீசி அடித்தாள். காயில்களைத் தட்டி உட்காரவைக்கிற சுத்தி. அது அவன் புருவத்தில் இறங்கியது. ரத்தம் கண்ணை மறைத்துக் கொட்டியது.

அவன் அறைந்தான். ஓங்கி, முழுக் கையால். அவள் பெஞ்சு முனையில் விலா அடிபட்டு விழுந்தாள். விழுந்தவள் எழுந்து அவன் முன்னங்கையைக் கடித்தாள். அவன் உதறினான். அவள் விடவில்லை. தலைமயிரைப் பற்றி இழுத்துத்தான் பிய்க்க வேண்டியிருந்தது.

"பைத்தியம் புடிச்சிருக்குடா இவளுக்கு! அன்னிக்குச் சொம்ப எறிஞ்சா, இன்னிக்குச் சுத்தி. கட்டிப் போடுடா. வயித்துல இருக்கற பிள்ளையையாவது காப்பாத்தணும்."

சொன்னது மாமனார். வாயால் சொன்னதோடு நிற்கவில்லை. காயில் கட்டுகிற பருத்தி நாடாவை உருளையோடு அவரே எடுத்து வந்தார். பெரியவன் கைகளைப் பிடித்துக்கொண்டான். மாமனார் கட்டினார். ஆயுளெல்லாம் காயில் கட்டிய கை. முடிச்சு நன்றாக விழுந்தது.

பழைய மோட்டார்கள் போட்டுவைக்கிற அறைக்குள் அவளைத் தள்ளி, வெளியே பூட்டி, சாவியைப் பெரியவன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

*

நாத்தனார் காரை வீட்டு வாசலில் நிறுத்தச் சொன்னாள்.

இந்த வீட்டின் கடைக்குட்டி அவள். புருஷனோடு ஒத்துவராமல் பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டவள். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். ஊரே அவளை 'மாஸ்டர்' என்றுதான் கூப்பிடும். ஓட்டுநர் பக்கம் மாதிரியே அவள் உட்காரும் பக்கத்திலும் கிளட்சும் பிரேக்கும் வைத்த கார். அன்றைக்கு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் ஒரு நூலகக்காரம்மா. ஐம்பது வயது. கார் ஓட்டும்போது மூச்சு விடவே பயப்படுகிறவர்.

"அஞ்சே நிமிஷம், மூக்குக்கண்ணாடிய மறந்துட்டேன்" என்று இறங்கி உள்ளே போனாள் நாத்தனார்.

அவளுக்கும் மருமகளுக்கும் பேச்சு நின்று வாரக்கணக்காகிவிட்டது. "புருஷன் வச்சுக்காதவ எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டா" என்று ஒரு மாலையில் மருமகள் மூஞ்சிக்கு நேரே சொன்னாள். மறுநாள் எதுவுமே நடக்காத மாதிரி, "டீ குடிக்கிறீங்களா?" என்று கேட்டாள். அந்த நடிப்பைத்தான் நாத்தனாரால் மன்னிக்க முடியவில்லை.

கடை அலங்கோலமாகக் கிடந்தது. தரையில் ரத்தச் சொட்டு. பெரியவன் தலையில் துண்டை அழுத்திக்கொண்டு முற்றத்தில் உட்கார்ந்திருந்தான். உள் அறைக் கதவைக் குதிகாலால் உதைக்கிற சத்தம் கேட்டது. தடால், தடால். பிறகு நின்றுபோனது. நடந்ததையும் சாவி பெரியவனிடம் இருப்பதையும் மாமனார் சொன்னார்.

பெஞ்சில் மருமகளின் போன் அடித்தது. கணவன்தான். நாத்தனார் எடுத்தாள்.

"சாப்பிட்டியா?"

"அண்ணா, நான் பேசறேன். உன் பொண்டாட்டி பெரியண்ணன் மண்டைய ஒடச்சிட்டா. கட்டிப் போட்டு ரூம்ல பூட்டியிருக்காங்க."

மறுமுனையில் மெஷின்களின் சத்தத்துக்கு மேலே அவன் குரல் உயர்ந்தது.

"அவளுக்கு வேர்த்திருக்கா?"

"என்னது?"

"வேர்த்திருக்கான்னு கேக்கறேன்! காலைல சாப்பிட்டாளா?"

நாத்தனார் முற்றத்தைப் பார்த்தாள். சுவரில் காய்ந்துபோன முட்டை. கவிழ்ந்து கிடக்கும் தட்டு.

"சாப்பிடல போலிருக்கு."

"ஐயோ. சர்க்கரை இறங்கிடுச்சு. எறங்கினா அவ அவளா இருக்க மாட்டா. அடிப்பா, கண்டபடி பேசுவா, அப்புறம் எதுவும் ஞாபகம் இருக்காது. செத்துருவாடி! அவளுக்குச் சின்ன வயசிலேருந்தே சுகர். பதினோரு வயசிலேருந்து. நாங்க மறைச்சிட்டோம். வாய்ல சர்க்கரை போடு. தண்ணியா ஊத்தாத, புரையேறிடும். ஈரம் பண்ணிக் கொழச்சுக் கன்னத்துக்கு உள்பக்கம் தேய். போ! நான் கிளம்பிட்டேன்!"

தன்னைத் திட்டிய அந்த மாலையில் மருமகளின் நெற்றியில் வேர்வை அரும்பியிருந்தது நாத்தனாருக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. மறுநாள் டீ கேட்டதும்.

"அண்ணா, சாவிய குடு" என்றாள், கடைக்குள் எழுந்து வந்த பெரியவனிடம்.

"முடியாது."

"அவளுக்குச் சர்க்கரை இறங்கியிருக்கு. சின்னண்ணன் சொல்றான். ரொம்ப வருஷமா வியாதி இருக்காம்."

"அவன் பொண்டாட்டி கிழிச்ச கோட்டத் தாண்டாதவன். இதுவும் அவ சொல்லிக் குடுத்ததுதான். நீ உள்ள போ."

அவள் அவன் சட்டைப் பைக்குள் கையை விட்டாள். அவன் அந்தக் கையைப் பிடித்து முறுக்கினான். அவள் விடாமல் இழுத்தாள். இரும்பு ஷட்டரின் விளிம்பில் வைத்து அவன் முழு பலத்தோடும் அழுத்தினான். குச்சி ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். நாத்தனாருக்குக் கண் இருண்டது. வலது கை மணிக்கட்டு போகக்கூடாத பக்கமாக வளைந்து தொங்கியது.

"அப்பா!" என்று அலறினாள்.

மாமனார் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

நாத்தனார் இடது தோளால் பெஞ்சை முட்டினாள். பெஞ்சின் ஓரத்தில் பழுதுபார்க்க வந்த கனமான பம்பு மோட்டார் ஒன்று இருந்தது. அது சாய்ந்து உருண்டு, பெரியவனின் பாதத்தில் விழுந்தது. அவன் போட்ட கூச்சல் தெருவுக்குக் கேட்டது. அவன் குனிந்த நேரத்தில் அவள் சம்மட்டியை இடது கையால் இழுத்துவந்து பூட்டின் மேல் போட்டாள். மறுபடி போட்டாள். கொண்டி கதவிலிருந்து பிய்ந்து வந்தது.

உள்ளே மருமகள் ஒருக்களித்துக் கிடந்தாள். கண் பாதி திறந்து, வெள்ளை மட்டும் தெரிந்தது. குறட்டை மாதிரி மூச்சு. புடவை தொப்பலாக நனைந்து, தரையில் நீர் தேங்கியிருந்தது. பனிக்குடம் உடைந்துவிட்டது.

நாத்தனார் சமையலறைக்கு ஓடினாள். தரையில் மாவும் பருப்பும் கண்ணாடித் தூளும் ஒரு பக்கம், சர்க்கரை மறு பக்கம் சிதறிக் கிடந்தன. இடது கையால் மேலாக அள்ளி ஒரு கிண்ணத்தில் போட்டாள். குழாயில் விரலை நனைத்துக் குழைத்து, மருமகளின் கன்னத்துக்குள் விட்டுத் தேய்த்தாள். பற்கள் விரலின் மேல் இறுகின. ரத்தம் வந்தது. அவள் விரலை எடுக்கவில்லை. "முழுங்கு அண்ணி, முழுங்கு, முழுங்கு" என்று சொல்லிக்கொண்டே இன்னொரு விரல், இன்னொரு விரல்.

கொஞ்சம் கொஞ்சமாகக் குறட்டை நின்றது. கருவிழி கீழே இறங்கியது. பல் பிடி தளர்ந்தது.

"நீங்களா?" என்றாள் மருமகள்.

"நான்தான்."

அவள் தன் கட்டிய கைகளைப் பார்த்தாள். நாத்தனாரின் தொங்கும் மணிக்கட்டைப் பார்த்தாள்.

"யார அடிச்சேன்?"

"அப்புறம் சொல்றேன். எந்திரி." நாத்தனார் குறடை எடுத்து இடது கையால் நாடாவை வெட்டினாள்.

அடுத்த வலி வந்தது. இந்தத் தடவை அது இடுப்போடு நிற்கவில்லை. மருமகள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, "கீழ வருது, கீழ வருது" என்று கத்தினாள்.

*

"இறங்காதீங்க. நீங்கதான் ஓட்டறீங்க" என்றாள் நாத்தனார் கார் ஜன்னலில்.

நூலகக்காரம்மா மருமகளையும் நாத்தனாரின் கையையும் மாறி மாறிப் பார்த்தார். "மாஸ்டர், நான் இன்னும் திருப்பமே எடுத்துப் பழகல."

"இன்னிக்கு எடுப்பீங்க. கிளட்சும் பிரேக்கும் நான் பாத்துக்கறேன். ஸ்டியரிங்கும் கியரும் உங்களோடது. நான் எப்பச் சொல்றனோ அப்ப மாத்துங்க."

மருமகளைப் பின் சீட்டில் படுக்கவைத்து, மடியில் சர்க்கரைக் கிண்ணத்தைத் திணித்து, கதவைக் காலால் சாத்தினாள். வண்டி நடுங்கிக்கொண்டு கிளம்பியது.

தெரு குறுகல். இரண்டு பக்கமும் மதில். அதன் நடுவில் பெரியவன் வந்து நின்றான். ஒரு காலை இழுத்து இழுத்து வந்திருந்தான். ஒரு கண் ரத்தத்தில் ஒட்டிப்போயிருந்தது. கையில் இரும்புக் குழாய்.

"இறக்குடி அவள! அங்க போனா இதுவும் பொணமாத்தான் வரும்! இன்னொரு குழி என்னால வெட்ட முடியாது!"

குழாயைத் தூக்கி முன் கண்ணாடியில் இறக்கினான். கண்ணாடி சிலந்தி வலை மாதிரி வெடித்து, பாதி உள்ளே கொட்டியது. நூலகக்காரம்மா வீறிட்டார். பயத்தில் அவர் கால் ஆக்சிலரேட்டரை அழுத்திக்கொண்டுவிட்டது. வண்டி உறுமிப் பாய்ந்தது.

நாத்தனாரின் கால் பிரேக்கின் மேல் இருந்தது. அண்ணன் முகம் உடைந்த கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொடலாம் போல இருந்தது. அவன் ஒதுங்கப் பார்த்தான். அடிபட்ட பாதம் வரவில்லை.

தடால்.

வண்டி ஏதோ ஒன்றின் மேல் ஏறி இறங்கியது.

"மாஸ்டர்! யாரோ... யார் மேலயோ..."

"நேராப் பாருங்க. ரெண்டாவது கியர். போடுங்க. போடுங்கம்மா!"

திரும்பிப் பார்க்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது. பார்க்கவில்லை. பின் சீட்டில் மருமகள் சர்க்கரையை வாயில் கொட்டிக்கொண்டே அலறினாள். நூலகக்காரம்மா அழுதுகொண்டே திருப்பம் எடுத்தார். சரியாகத்தான் எடுத்தார்.

*

லேடி டாக்டர் கை விட்டுப் பார்த்ததும், "தியேட்டருக்குத் தூக்கிட்டுப் போக நேரமில்ல. தலை இறங்கிடுச்சு. இங்கேயே" என்றார். ஒரு நர்ஸ் விரலைக் குத்திச் சர்க்கரை பார்த்துவிட்டு உடனே குளுக்கோஸ் ஏற்றினாள்.

மருமகள் நாத்தனாரின் நல்ல கையைப் பிடித்த பிடியை விடவில்லை. அதனால் அவளும் உள்ளேயே நின்றாள்.

தலை வந்தது. கருத்த மயிரோடு, கன்னம் பிதுங்க, முழுத் தலையும் வெளியே வந்தது. வந்த தலை ஆமை இழுத்துக்கொள்கிற மாதிரி பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. டாக்டர் முகம் மாறிவிட்டது.

"முக்காத! இப்ப முக்காத! தோள் மாட்டிக்கிச்சு. எல்லாரும் வாங்க, சீக்கிரம்!"

அறை நிறைய ஆட்கள். இரண்டு நர்ஸ்கள் ஆளுக்கொரு காலைப் பிடித்து மடக்கி, முழங்கால் மார்பில் முட்ட அழுத்தினார்கள். இன்னொருத்தி ஸ்டூலின் மேல் ஏறி, அடிவயிற்றில் இரண்டு உள்ளங்கையையும் ஊன்றி, மாவு பிசைகிற மாதிரி முழு உடம்பு எடையையும் இறக்கினாள். மருமகள் போட்ட கூச்சல் மனிதக் கூச்சலாக இல்லை. குழந்தையின் முகம் நீலத்திலிருந்து கருநீலத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அறுக்கறேன், பொறுத்துக்கோ."

டாக்டரின் கை மணிக்கட்டு வரை உள்ளே போயிற்று. தேடியது. திருப்பியது. வரவில்லை. அவர் நெற்றி வேர்வையை ஒரு நர்ஸ் துடைத்தாள். "இன்னும் அழுத்துங்க" என்றார் டாக்டர். அறைக்குள் எல்லோருக்கும் கேட்கும்படி 'டப்' என்று ஒரு எலும்பு முறிந்தது.

நாத்தனாருக்கு அந்தச் சத்தம் தெரியும். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் தன் கையிலேயே கேட்டதுதான்.

தோள் வழுக்கியது. ஒரு கை வந்தது. ரத்தத்தோடும் நீரோடும் குழந்தை மொத்தமாக டாக்டரின் மடியில் வந்து விழுந்தது.

பெண். பெரிய குழந்தை. அசையவில்லை.

ஒரு ஓரத்து மேஜையில் வைத்து அதை உரசினார்கள், உறிஞ்சினார்கள், மூக்கில் காற்றை அழுத்தினார்கள். மருமகள் தலையைத் தூக்கிப் பார்க்க முயன்றாள். "அழலையே. ஏன் அழல? போன தடவையும் அழல" என்று வாய்க்கு வந்தபடி உளறினாள்.

பூனைக்குட்டி தும்முவது போல ஒன்று கேட்டது. பிறகு கோபமாக ஒரு கேவல். பிறகு அறை அதிரும்படியான அழுகை.

"தோள்கிட்ட இருக்கற காறை எலும்பு முறிஞ்சிருக்கு. அது தானா கூடிடும்" என்றார் டாக்டர், முதல்முறையாக நிமிர்ந்து. "ஒரு கைய அசைக்க மாட்டேங்கறா. நரம்பு இழுபட்டிருக்கலாம், பார்க்கணும். இவளுக்கும் சர்க்கரை ரொம்பக் கம்மியா இருக்கு. அம்மாகிட்டேயிருந்து வந்த வரத்து நின்னுடுச்சில்ல. உடனே கண்ணாடிப் பெட்டில வச்சு குளுக்கோஸ் ஏத்தணும்."

மருமகளுக்கு அதில் பாதி காதில் விழவில்லை. அவள் அழுகைச் சத்தம் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

கணவன் மூச்சிரைக்க வந்தபோது நாத்தனார் கைக்கு மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டு பச்சைக் குழந்தைகள் வார்டின் கண்ணாடிக்கு வெளியே நின்றிருந்தாள். பக்கத்துப் பெஞ்சில் நூலகக்காரம்மா தலைமயிரில் கண்ணாடித் துணுக்குகளோடு உட்கார்ந்திருந்தார்.

"எங்க அவ? குழந்த?"

நாத்தனார் இடது கையால் அவனை அறைந்தாள். வராந்தாவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள்.

"ரெண்டு பேரும் உயிரோட இருக்காங்க. இப்ப சொல்லு. இத்தன வருஷத்துல ஒரு நாள், ஒரே ஒரு நாள் எங்ககிட்டச் சொல்லணும்னு தோணலியா உனக்கு?"

"சொல்லியிருந்தா அப்பா கல்யாணத்துக்கே..."

"கல்யாணத்துக்கு அப்புறம்? அந்தக் குழந்த செத்தப்புறம்? பெரியண்ணன் ஊசிதான் கொன்னுதுன்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டானே, அன்னிக்கு? பக்கத்துலதானே நின்ன நீ?"

அவன் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றான். உள்ளே அவன் மகள் காலில் ஊசி ஏறிக்கொண்டிருந்தது.

"அண்ணி ஒண்ணு சொல்லச் சொன்னா" என்றாள் நாத்தனார். "இனிமே அவளப் பத்தி வீட்ல எதுவா இருந்தாலும் அவளே பேசிக்குவாளாம். அவளுக்காக நீ எதையும் சொல்ல வேண்டாமாம், மறைக்கவும் வேண்டாமாம்."

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். வராந்தாவின் கோடியிலிருந்து இரண்டு போலீஸ்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள். முன்னால் வந்தவர் இன்ஸ்பெக்டர். வயதானவர், களைத்த முகம்.

"அந்த டிரைவிங் ஸ்கூல் வண்டி யாரோடது?"

"என்னோடது" என்றாள் நாத்தனார்.

"உங்க அண்ணன் கீழே ஆபரேஷன் தியேட்டர்ல இருக்காரு. இடுப்பெலும்பு நொறுங்கியிருக்கு. இன்னும் நினைவு திரும்பல. உங்கப்பா புகார் குடுத்திருக்காரு. வேணும்னே ஏத்துனதா."

நூலகக்காரம்மா விருட்டென்று எழுந்தார். குரல் நடுங்கினாலும் தெளிவாகப் பேசினார். "நான்தான் ஓட்டினேன். அவர் கண்ணாடிய அடிச்சு ஒடச்சாரு. நான் பயத்துல ஆக்சிலரேட்டர மிதிச்சுட்டேன். இவங்க மேல எந்தத் தப்பும் இல்ல."

இன்ஸ்பெக்டர் அவரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நாத்தனார் பக்கம் திரும்பினார்.

"கத்துக்கறவங்க ஓட்டறப்ப உங்க பக்கமும் பிரேக் இருக்கும், இல்லையா?"

"இருக்கு."

"நல்லா வேலை செய்யுமா?"

"செய்யும்."

கணவன் இன்ஸ்பெக்டருக்குப் பின்னால் நின்றுகொண்டு, தங்கையைப் பார்த்து வேகமாகத் தலையை ஆட்டினான். வேண்டாம், சொல்லாதே என்று. உதட்டை அசைத்து, 'அமுக்கினேன்னு சொல்லு' என்றான். நூலகக்காரம்மா அவள் முந்தானையைப் பிடித்து லேசாக இழுத்தார்.

"அப்ப பிரேக்க அமுக்கினீங்களா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குழந்தை ஒரு கையை மட்டும் ஆட்டி ஆட்டி அழுதுகொண்டிருந்தது. நாத்தனார் அண்ணனின் உதட்டசைவைப் பார்த்தாள். எத்தனை சுலபமாகப் பொய் வருகிறது இவனுக்கு என்று நினைத்தாள்.

"அவன் அடிபட்ட காலால ஒதுங்க முடியாதுன்னு எனக்குத் தெரியும்" என்றாள். "என் கால் பிரேக்லதான் இருந்தது. நான் அமுக்கல."